மீட்டரில் எண் தாவுகிறது: டர்போ வண்டியும் ஆக்சிஜன் கணக்கும்

களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு ஓடும் ஒரு டீசல் பிக்அப்பின் உரிமையாளர், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். வண்டியின் கணினியை ரீமேப் செய்து, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தையும் டீசலின் அளவையும் கூட்டியவர், கூடவே காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டர் ஒன்றையும் வாங்கி, அதன் சென்சாரை டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயில் பொருத்தியிருக்கிறார். வண்டி நின்றபடி ஓடும்போது மீட்டர் 55 என்கிறது. அடுத்த நொடியே 75 என்கிறது. மலை ஏறும்போது கரும்புகை வருகிறது, எண்ணோ 20-க்கும் 26-க்கும் இடையே தாவுகிறது. சென்சாரை மாற்றிப் பார்த்தும் குணமில்லை. பட்டறையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம்.

1 கிலோ டீசலுக்கு எத்தனை கிலோ காற்று என்பதே மீட்டர் காட்டும் எண். 1 கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும் என்பது பள்ளிக்கூட வேதியியல்தான். பெட்ரோல் என்ஜின் தனக்குரிய 14.7-ஐ ஒட்டியே பெரும்பாலும் ஓடும். டீசல் என்ஜின் எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடுகிறது: சும்மா நிற்கும்போது 60-ஐ ஒட்டியும் அதற்கு மேலும், முழு லோடில் 20-ஐ ஒட்டியும் விகிதம் இருக்கும். அது 18-க்குக் கீழே போனால் கரும்புகைதான்.

இந்த விகிதத்தை மீட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? டீசலை அது அளப்பதில்லை, உள்ளே போன காற்றையும் அளப்பதில்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும் அளந்துவிட்டு, மற்றதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆகவே எண் தாவும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பதே.

அளக்கும் பொருள் சிர்கோனியம் ஆக்சைடு என்னும் வெண்ணிறச் செராமிக். ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1897-இல் இதனோடு இட்ரியம் ஆக்சைடு கலந்த கம்பியைக் கொண்டு ஒரு மின்விளக்கு செய்தார். குளிர்ந்திருக்கையில் அதில் மின்சாரம் பாயாது. வெளியிலிருந்து சூடேற்றினால் பாயத் தொடங்கும். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு வழக்கொழிந்தது, ஆனால் சூடான செராமிக்கில் மின்சாரம் எதன்மேல் ஏறிச் செல்கிறது என்ற புதிர் மிஞ்சியது. 1943-இல் கார்ல் வாக்னர் அதை அவிழ்த்தார். சிர்கோனியம் அமர வேண்டிய இடங்களில் இரண்டு இட்ரியம் அயனிகள் அமர்ந்தால், மின்சுமைக் கணக்கு சரியாவதற்காகப் படிகத்தில் ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாகிவிடுகிறது. போதிய சூட்டில் பக்கத்திலுள்ள ஆக்சிஜன் அயனி அந்தக் காலியிடத்துக்குத் தாவ, அது விட்டுப்போன இடத்துக்கு இன்னொன்று தாவுகிறது. இரும்பைப் போல உறுதியான ஒரு திடப்பொருளுக்குள் ஆக்சிஜன் மட்டும் நடந்து போகிறது, மற்ற எந்த வாயுவுக்கும் அங்கே வழியில்லை என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த பாஷ் நிறுவனத்தின் சென்சார், காற்று கூடுதலா குறைவா என்பதை மட்டுமே தெளிவாகச் சொல்லும். நம் வாசகர் வைத்திருப்பது அடுத்த தலைமுறை. அதில் இரண்டு சிர்கோனியம் ஆக்சைடு தகடுகளுக்கு நடுவே ஒரு நுண்ணறை இருக்கிறது. மெல்லிய தடுப்பின் வழியே புகை அதற்குள் கசிந்து வரும். ஒரு தகடு அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனைக் கண்காணித்து 0.45 வோல்ட் காட்டும் நிலையை, அதாவது ஆக்சிஜன் மிச்சமும் இல்லாத, குறைவும் இல்லாத நிலையை எதிர்பார்க்கிறது. மற்றத் தகட்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, கூடுதல் ஆக்சிஜனை வெளியே இறைக்கிறார்கள். போதாவிட்டால் எதிர்த்திசையில் உள்ளே இறைக்கிறார்கள். நாங்குநேரிப் பக்கத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் ஒரே குறியில் நிற்கும்படி மோட்டாரை ஓட்டினால், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டே ஊற்றின் வரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா, அதே உத்திதான். சுத்தமான காற்றில்கூட இந்த ஓட்டம் சுமார் இரண்டரை மில்லியாம்பியர்தான். தகடுகள் சுமார் 780 டிகிரி செல்சியஸில் தணலாக இருக்க, அவற்றுக்கென்று தனி ஹீட்டர் உண்டு.

இந்தச் செராமிக்கின் மூலப்பொருளான சிர்கான், நம் தென்கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்களோடு கலந்து கிடக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலையே இருக்கிறது. இத்தனை பக்கத்தில் மூலப்பொருளும் அறிவும் இருக்க, நெல்லைப் பொறியியல் கல்லூரி ஒன்றில் செராமிக் சென்சார் ஆய்வுக்கு ஒரு நல்ல உலை வாங்கித் தர யாரும் முன்வந்தால் அது வீண்செலவாகாது என்பது என் கருத்து.

முதலில், நின்று ஓடும்போது வரும் தாவலைப் பார்ப்போம். விகிதம் 58 என்றால் புகையில் ஆக்சிஜன் சுமார் 15.5 சதவீதம், 72 என்றால் சுமார் 16.5. லோடில் விகிதம் 19-இலிருந்து 20-ஐச் சற்றுத் தாண்டும்போதும் ஆக்சிஜன் ஏறத்தாழ அதே 1 சதவீதம்தான் கூடுகிறது. அதாவது, லோடில் ஒன்றரைப் புள்ளிகூட நகர்த்தாத ஒரு சிறு சலனம், சும்மா நிற்கும்போது எண்ணை 14 புள்ளிகள் தூக்கிப்போடுகிறது. இது கணக்கின் இயல்பு. புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்து மூடினாலே போதும். 55-க்கும் 75-க்கும் இடையிலான ஆட்டத்துக்காக யாரும் சென்சார் வாங்க வேண்டாம். கியர் மாற்ற ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எண் உச்சிக்குப் பறப்பதும் அப்படியே: அப்போது டீசல் நின்றுவிட்டது, குழாயில் போவது வெறுங்காற்று.

மலையில் வரும் தாவல்தான் கோளாறு. கரும்புகையும் 26 என்ற எண்ணும் ஒன்றாக மெய்யாக இருப்பது அரிது. இன்ஜெக்டர் சரியாகத் தூவாவிட்டாலும் கரும்புகை வரும், ஆனால் அது எண்ணை இப்படித் தாவவைக்காது. டர்போக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தோ கிளாம்ப் நழுவியோ டர்போக் காற்று வெளியேறினால் என்ஜினுக்குக் காற்று குறையும். கரும்புகை வரும், விசில் போன்ற சத்தமும் கேட்கலாம், ஆனால் எண் இறங்கும். இங்கே எண் ஏறுகிறது. ஆகவே, என்ஜினுக்குள் போகாத ஆக்சிஜன் சென்சாரைத் தொடுகிறது, அல்லது மீட்டரே மின்சாரத்தில் ஏமாறுகிறது.

புகைக்குழாயில் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. குறைந்த சுழற்சியில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அது வெளிக்காற்றை விடத் தாழ்ந்து, குழாய்கள் இணையும் பிளேஞ்சில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். புளியரை வளைவுகளில் மெதுவாக இழுக்கையில் எண் தாவி, சமவெளியில் வேகமாக லோடோடு போகையில் அடங்கினால் இதுவே காரணம். என்ஜின் ஆறியதும் டர்போவுக்கும் சென்சாருக்கும் நடுவிலுள்ள இணைப்புகளை டார்ச் அடித்துப் பார்த்தால், கசியும் இடத்திலிருந்து விசிறிபோலக் கரிக்கோடு படர்ந்திருக்கும். கேஸ்கெட் மாற்றும்போது சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூச வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

எல்லா வேகத்திலும் தாவினால் எர்த் வயரைப் பார்க்க வேண்டும். ஹீட்டர் விட்டுவிட்டு ஆம்பியர் கணக்கில் மின்சாரம் இழுக்கிறது. அதுவும் அளவுச் சைகையும் துருப்பிடித்த ஒரே எர்த்தில் திரும்பினால், ஹீட்டரின் ஒவ்வொரு இழுப்பும் எண்ணில் ஏறிவிடும். ஹெட்லைட்டைப் போட்டு ஹாரனை அடித்ததும் எண் துள்ளினால் சந்தேகமே இல்லை. டர்போவுக்கு முன்னால் சென்சார் வைத்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: அங்கே அழுத்தம் மிகுதியாதலால் கசிந்து வரும் ஆக்சிஜனும் கூடி, டீசல் வண்டியில் எண் உள்ளதை விட உயர்ந்தே காட்டும், சூடும் தாங்காது.

கரும்புகை கக்கினால்தான் வண்டிக்கு இழுவை என்ற நம்பிக்கை நம் சாலைகளில் வேரூன்றிவிட்டது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதால் யாருக்கும் நட்டமில்லை. இந்த நம்பிக்கையிலோ காசு கொடுத்து வாங்கிய டீசல் கரியாகப் போவதோடு, பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலிலும் படிகிறது. எண்ணைச் சரிசெய்த பிறகும் மேட்டில் அது 18-ஐத் தொட்டால், ரீமேப் செய்தவரிடம் போய் டீசலைக் குறைக்கச் சொல்வதே முறை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தாவினால் மட்டும் சென்சாரைக் கழற்றிப் பட்டறைப் புகை இல்லாத திறந்த வெளியில் தொங்கவிட்டு, மீட்டர் தன் உச்ச எண்ணில் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். நிற்காவிட்டால் கரி அடைத்திருக்கும், அல்லது செராமிக் விரிசல் விட்டிருக்கும். புதியதைக் குழாயின் அடிப்பக்கத்தில் வைக்காமல், நீர் தேங்காதபடி கிடைமட்டத்துக்கு 10 டிகிரிக்கு மேல் சாய்வாக நிமிர்த்தி வைக்க வேண்டும். தணலாக இருக்கும் செராமிக்கில் குழாயில் தங்கிய ஒரு துளி நீர் தெறித்தாலும் அது பிளந்துவிடும் என்பதால், ஹீட்டருக்கு மின்சாரம் என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே போகும்படி எலக்ட்ரீஷியனிடம் இணைக்கச் சொல்லுங்கள்.