ஒரே வட்டு, மூன்று சர்வர்கள்

ஒரே சேமிப்பு வட்டை மூன்று சர்வர்களில் இணைத்து, வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையோடு (வட்டில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் லினக்ஸ் ஏற்பாடு) மூன்றிலும் மவுன்ட் செய்தால், அதாவது பயன்பாட்டுக்குத் திறந்தால், முதலில் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும். ஆபத்தே அதுதான். வட்டில் எந்த இடம் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே நம்புகிறது. காலி என்று எண்ணி முதல் சர்வர் ஓரிடத்தில் ஒரு ரசீதை எழுதும். பழைய கணக்கைப் பார்த்து இரண்டாவது சர்வர் அதன் மேலேயே ஒரு புகைப்படத்தை எழுதிவிடும். ரசீது போனது போனதுதான்.

எளிய வழி, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிர 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ். வட்டு ஒரு சர்வரின் பொறுப்பில் இருக்கும். மற்றவை அதனிடம் கேட்டு வாங்கும். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும் என்பேன். ஆனால் அந்த ஒன்று படுத்தால் எல்லாம் காத்துக் கிடக்கும்.

எல்லா சர்வர்களும் வட்டை நேரடியாகத் தொட வேண்டுமானால் ஜிஎஃப்எஸ்2 போன்ற, சர்வர் கூட்டத்துக்கென்றே (கிளஸ்டர்) அமைந்த கோப்பு முறைமை வேண்டும். 2006-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சேர்ந்த இதன் உயிர்நாடி பூட்டு. ஒரு கோப்பில் எழுதும் முன் சர்வர் அதற்கான பூட்டைப் பெற வேண்டும். வேறொரு சர்வர் அதே கோப்பைக் கேட்டால், பூட்டை வைத்திருப்பது தன் நினைவகத்தில் தேங்கிய மாற்றங்களை வட்டில் எழுதி முடித்த பிறகே விட்டுக்கொடுக்கும். இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒரே கோப்பில் எல்லா சர்வர்களும் பதிவு எழுதும்படி அமைக்காதீர்கள். ஆளுக்கொரு கோப்பு கொடுங்கள். 'நோஏடைம்' தெரிவோடு மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் படித்த நேரத்தைக் குறிப்பதற்காகவே எழுத்து வேலை சேரும்.

சர்வர் ஒவ்வொன்றுக்கும் தனி ஜர்னல் உண்டு; செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வட்டுக் குறிப்பேடு அது. மூன்று சர்வர் என்றால் உருவாக்கும்போதே மூன்று ஜர்னல்.

இனிச் சொல்வதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு சர்வர் பேச்சுமூச்சின்றிப் போனால் அது இறந்துவிட்டதா, உறைந்து நிற்கிறதா என்று மற்றவற்றுக்குத் தெரியாது. உறைந்தது விழித்தெழுந்து, பூட்டு இன்னும் தன்னிடம் இருப்பதாக எண்ணி எழுதினால் தரவு கெடும். எனவே பெரும்பான்மையாக எஞ்சிய இரண்டும் சேர்ந்து முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும், அல்லது வட்டுக்கான வழியை அடைக்கும். இதற்கு ஃபென்சிங் என்று பெயர். அது முடிந்தது உறுதியான பிறகே அதன் ஜர்னலைப் படித்துப் பாதியில் நின்ற வேலையைச் சீர்செய்யும். அதுவரை கோப்பு முறைமை அசையாமல் நிற்கும்.

பயனர்களுக்குத் திறந்துவிடும் முன், ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அது அணைக்கப்பட்டோ வட்டுக்கான வழி அடைக்கப்பட்டோ, மற்ற இரண்டும் எழுதத் தொடங்கினால் அமைப்பு தயார்.