மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? வங்கி வாசலில் ஏமாறாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆயத்த ஆடை தைக்கும் சிறு பட்டறை தொடங்க அரசு மானியத்துடன் கூடிய வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். நான்கு மாதங்களில் பதினோரு முறை ஒரு வங்கிக் கிளைக்கு நடந்தார். கள அதிகாரி விடுப்பு, மேலாளர் மாற்றல், இன்னொரு விலைப்புள்ளி வேண்டும் என்று நாளுக்கொரு காரணம். கோப்பில் இருந்த நகல்கள் மடித்து மடித்துத் துணிபோல் நைந்துவிட்டன. எழுத்தில் ஒரு வரி பதில்கூட அவர் கையில் இல்லை. அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கடனுக்கான திட்டத்தின் பெயர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாக பி.எம்.இ.ஜி.பி. 2008-ல் இரண்டு பழைய திட்டங்களை இணைத்துக் கொண்டுவந்தார்கள். 2022 திருத்தத்தின்படி திட்ட மதிப்பு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். 18 வயது முடிந்திருந்தால் போதும். உச்ச வயது வரம்பும் வருமான வரம்பும் இல்லை.

மாவட்டத் தொழில் மையமோ கதர் வாரியமோ விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறது, வங்கி கடன் தருகிறது, பயிற்சியை இன்னொரு நிறுவனம் நடத்துகிறது. எல்லோரும் கைகோத்து மாவட்டத்தில் வேலைவாய்ப்பைப் பெருக்குவார்கள் என்பது ஏற்பாடு. 2020 வரை மாவட்ட அளவிலான குழு ஒன்று விண்ணப்பங்களைப் பரிசீலித்தது. அந்தக் கட்டத்தை நீக்கி, நேரே வங்கிக்கு அனுப்பும் முறை வந்தது. ஒரு படி குறைந்தது உண்மைதான். ஆனால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் தொழில் மையம் வங்கியைக் காட்டுகிறது, வங்கி தொழில் மையத்தைக் காட்டுகிறது. இடையில் அலைவது விண்ணப்பித்தவர்தான்.

மானியக் கணக்கு பலருக்குத் தவறாகச் சொல்லப்படுகிறது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு முறையே 25, 35. கிராமத்தில் ஒரு பெண் 10 லட்சத்தில் தொழில் தொடங்கினால் சொந்தப் பங்கு 50,000 ரூபாய், வங்கி தருவது 9.5 லட்சம், மானியம் 3.5 லட்சம். இந்த மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். அதுவரை மானியத் தொகைக்கு ஈடான கடனுக்கு வங்கி வட்டி வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் வட்டி எந்தத் தொகைக்குப் போடப்படுகிறது என்று முதல் மாதமே பாருங்கள்.

கிராமமா நகரமா என்பது தொழில் நடக்கும் இடத்தைப் பொறுத்தது, உங்கள் வீட்டு முகவரியைப் பொறுத்தது அல்ல. வாடகைக்கு இடம் பிடிக்கும் முன் அது ஊராட்சியில் வருகிறதா, நகராட்சியில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரு ஒன்று தள்ளிப்போனால் பத்து சதவீதம் போய்விடும்.

புதிதாகத் தொழில் தொடங்குவதற்கே இந்தக் கடன். கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே இயந்திரம் வாங்கி ஓட்டத் தொடங்காதீர்கள். பிறகு 'ஏற்கெனவே நடக்கும் தொழில்' என்று தள்ளிவிடுவார்கள். கணவன், மனைவியில் ஒருவர்தான் பயன்பெற முடியும். வேறு அரசுத் திட்டத்தில் மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். அது இல்லாதவர்கள் அந்த வரம்புக்குள் திட்டம் போடுவது நல்லது.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான், கட்டணம் இல்லை. 'மானியத்தில் இத்தனை சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, தவணை தவறிய குழுக் கடன் எல்லாம் அங்கேதான் மறைந்திருக்கும்.

இனி வங்கி. குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் ஒரு லட்சம் வைப்புத்தொகை போடச் சொன்னார்கள். சொந்தப் பங்கு ஐந்து சதவீதம் தவிர வேறெதையும் திட்டம் அவரிடம் கேட்கவில்லை. கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கவே முடியாது, அதற்கு மேல்நிலை அதிகாரிதான் முடிவெடுக்க வேண்டும். இது பல கிளைகளில் வசதியாக மறக்கப்படுகிறது.

ஆகவே வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். விண்ணப்ப எண், போன தேதிகள், கேட்ட ஆவணங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் தொழில் மையப் பொது மேலாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாமல் போகும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே 'கடன் தரவில்லை' என்று மட்டும் எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று மூடிவிடுவார்கள். 'காரணத்தை எழுத்தில் தரவில்லை, விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை' என்று எழுதுங்கள்.

அந்தப் பெண் அப்படியொரு கடிதம் கொடுத்தார். ஒன்பதாம் நாள் கிளையிலிருந்து அழைத்தார்கள். அதற்குள் பட்டறைக்கு அவர் பேசிவைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஊராட்சி எல்லைக்குள் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.