கேஸ் மாத்திரையும் கணையத்து நீர்க்கட்டியும்

போன மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து மீனவர் ஒருவர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஸ்கேன் ரிப்போர்ட். "கணையத்துல நீர்க்கட்டியாம் டாக்டர். நாலு வருஷமா தெனம் கேஸ் மாத்திரை போடுறேன். அதனாலதான் வந்துச்சா?"

நியாயமான கேள்வி. இரைப்பை அமிலத்துக்கும் கணையத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் செக்ரெடின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே கணையம் பைகார்பனேட் நீரை அனுப்பி அமிலத்தைத் தணிக்கும். 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்தது இது. பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் அமிலத்தைக் குறைத்தால் இரைப்பையில் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடும். கணையக் கட்டிகளில் சில வகை, சளி போன்ற திரவம் சுரப்பவை. அவற்றில் சில நாளடைவில் புற்றுநோயாகலாம். அப்படிப்பட்ட கட்டி பலவற்றின் உட்சுவர் இரைப்பையின் உட்சுவரைப் போலவே இருக்கும். அமிலம் குறைவதும் கேஸ்ட்ரின் கூடுவதும் இந்தக் கட்டிகளைப் பாதிக்குமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் அவசரப்பட்டு மாத்திரை மேல் பழி போடக்கூடாது. கணைய வலியும் ஆரம்பத்தில் 'கேஸ்' மாதிரிதான் இருக்கும். வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார்கள், நோய் பிறகுதான் தெரிந்திருக்கும். கணக்கெடுத்தால் மாத்திரையே நோயைக் கொண்டுவந்த மாதிரி தோன்றும்.

அவரிடம் விசாரித்தேன். இரண்டு முறை மேல்வயிற்றில் கடும் வலி, முதுகு வரை. குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. குடிப்பழக்கமும் உண்டு. சி.டி. எடுத்தோம். கணைய அழற்சிக்குப் (கணையம் புண்பட்டு வீங்குவது) பின் நீர் தேங்கி உண்டாகும் பொய்க்கட்டி. இது புற்றுநோய்க் கட்டி அல்ல. பெரும்பாலும் தானே சுருங்கும். குடியை மட்டும் அடியோடு விட வேண்டும்.

என் வருத்தமெல்லாம் அந்த நாலு வருடத்தைப் பற்றித்தான். சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக மாத்திரை கிடைத்தது. வலி எங்கே, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நெஞ்செரிச்சலுக்குப் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் கொடுப்போம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். முதுகுக்குப் பாயும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மஞ்சள் காமாலை, எண்ணெய் மிதக்கும் மலம், ஐம்பது வயதுக்கு மேல் திடீரென வரும் சர்க்கரை நோய் இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

அதேபோல், இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம். குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிற பலருக்கும் அது அவசியம். எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.