எழுபது கிராம் வெயிட்டும் மூன்று கிலோ கல்லும்

சேலம் அஸ்தம்பட்டியில் புதிதாக வீடு பிடித்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கையில் காசு கம்மி. வீட்டுக்கும் ஆகணும், ஏற்காட்டில் டென்ட் போட்டுத் தங்கும்போதும் தூக்கிட்டுப் போகணும். எதை முதலில் வாங்கலாம்?"

கத்தி, இரும்பு தோசைக்கல், இரண்டு கரண்டி, மூடியோடு ஒரு பாத்திரம், லைட்டர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் முடிந்தது. நான்ஸ்டிக் வேண்டாம், பாறையில் நாலு தடவை உரசினால் அதன் கதை முடிந்துவிடும். மிச்சக் காசை மூன்று லிட்டர் குக்கரில் போடுங்கள்.

ஏன் குக்கர்? சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டின் 1,500 மீட்டருக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து 95-லேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது.

போன வருஷம் நாங்கள் குக்கரை எடுத்துப்போய், வெயிட்டை வீட்டிலேயே விட்டுவிட்டோம். சாதாரணப் பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு முழுசு முழுசாகவே நின்றது. "மலைத் தண்ணி வாகு அப்படி" என்றார் மச்சான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமாகும், வாஸ்தவம்தான். ஆனால் நாங்கள் ஊற்றியது வீட்டிலிருந்து கேனில் கொண்டுபோன தண்ணீர்! அடுத்து, மூடிமேல் மூன்று கிலோ இருக்கும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பருப்பு மசியவில்லை.

ஏன்? மூடியின் விட்டம் 20 செ.மீ., பரப்பு 314 சதுர செ.மீ. மூன்று கிலோவை அத்தனைக்கும் பங்கு போட்டால் ஒரு சதுர செ.மீட்டருக்குப் பத்து கிராம்கூட விழாது. கொதிநிலை ஏறுவது 0.3 டிகிரி.

வீட்டுக்கு வந்ததும் குக்கர் வெயிட்டைத் தராசில் வைத்தேன். எழுபது கிராம் சொச்சம்! ஆனால் அது உட்காரும் துளை வெறும் 3 மி.மீ. அகலம், 0.07 சதுர செ.மீ. வகுத்துப் பாருங்கள்: சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோ. கல் தோற்ற இடத்தில் ஒரு சின்னத் துளை ஜெயிக்கிறது. உள்ளே அந்த ஒரு கிலோ அழுத்தம் சேரும்வரை ஆவிக்கு வழியில்லை. சேர்ந்ததும் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு சீறும். கொஞ்சம் இறங்கியதும் வெயிட் பழையபடி உட்காரும். 1679-ல் குக்கரின் முன்னோடியான ஆவிக் கலத்தைச் செய்துகாட்டிய பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பன், அது வெடிக்காதிருக்கக் கண்டுபிடித்த உபாயமும் இப்படி ஒரு துளைமேல் பாரம் வைப்பதுதான்.

வெயிட் தருவது வெளிக்காற்றுக்கு மேல் ஒரு கிலோ. ஆகவே சேலத்தில் உள்ளே 119 டிகிரிக்குச் சற்று மேல் என்றால், ஏற்காட்டில் 117. அங்கே இரண்டு நிமிஷம் கூடுதலாக விடுங்கள், போதும். விசிலை எண்ணாதீர்கள். தீ பெரிதானால் விசில் கூடும், சூடு கூடாது. மலைக்காற்றில் அடுப்பு அலையும்போது எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள்.



கேஸ்கெட் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியாகப் பாருங்கள். பருப்புத் தோல் அடைத்திருக்கக் கூடாது. அந்தப் பக்கம் வானம் தெரிய வேண்டும்.