தேதி குறித்த சிசேரியன்: உடலுக்குள் நடப்பது என்ன?

சிசேரியன் என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது காலண்டரைத்தான். நல்ல நாள், நல்ல நட்சத்திரம், ராகு காலம் இல்லாத நேரம். பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் அந்த நாள் 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நாளாக இருக்க வேண்டும். தாய்க்கோ பிள்ளைக்கோ சிக்கல் இருந்து டாக்டரே முன்னதாக எடுக்கச் சொன்னால் அது வேறு கதை. நட்சத்திரத்துக்காக 37-ஆம் வாரத்துக்கு இழுப்பது கூடவே கூடாது.

காரணம், பிள்ளையின் நுரையீரல். கருவில் இருக்கும்வரை அதற்குள் காற்று கிடையாது. நுரையீரலே சுரக்கும் திரவம்தான் நிறைந்திருக்கும். பிரசவ வலி எடுக்கும்போது பிள்ளையின் உடலில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகும். அதுவரை திரவம் சுரந்த நுரையீரல் செல்கள் அதை உறிஞ்சத் தொடங்கும். வலியே வராமல் எடுக்கும்போது இந்த ஏற்பாடு அரைகுறையாக நின்றுவிடும். அதனால்தான் சில பிள்ளைகள் பிறந்ததும் வேகவேகமாக மூச்சு வாங்குகின்றன. 37-ஐ விட 38-லும், 38-ஐ விட 39-லும் இந்தத் தொல்லை குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அத்தனை வீடுகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் இரைப்பையின் வாய் தளர்ந்திருக்கும், உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம் என்ற பயம்தான். வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்; உங்கள் மருத்துவமனையில் என்ன வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தியேட்டரில் நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது முதுகில் போடும் ஊசி. தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடையை நெஞ்சில் படும்படி குனிந்து உட்காரச் சொல்வார்கள். அப்போதுதான் முதுகெலும்புகளுக்கு இடையே வழி விரியும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நரம்பு இழைகள் மட்டும் மிதக்கும் திரவத்துக்குள். அதனால் தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மருந்தின் அளவு சுமார் 2 மில்லிதான். அதில் குளுக்கோஸ் கலந்திருப்பதால் அந்தத் திரவத்தைவிடக் கனமாக இருக்கும், கீழ்நோக்கி இறங்கும். மருந்து எதுவரை ஏற வேண்டும் என்பதை மேஜையைச் சாய்த்தே மயக்க மருந்து டாக்டர் கட்டுப்படுத்துகிறார். அப்புறம் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றிலிருந்து மார்பு வரை தொட்டுத் தொட்டு, "ஜில்லுன்னு இருக்காம்மா?" என்று கேட்பார். வலியையும் குளிர்ச்சியையும் கடத்தும் மெல்லிய நரம்புகள் முதலில் மரத்துப்போகும். அழுத்தத்தை உணர்த்தும் தடித்த நரம்புகள் முழுதாக அடங்காது. ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவது போலத் தோன்றுவது அதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். ஆனால் உண்மையிலேயே வலித்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

வெட்டு அடிவயிற்றில் குறுக்கே விழும். தோல், கொழுப்பு, அதன்கீழ் உறுதியான சவ்வு ஆகியவற்றை வெட்டுவார்கள். வயிற்றின் நடுத்தசைகளை வழக்கமாக வெட்டுவதில்லை, இருபுறமும் விலக்குவதோடு சரி. கருப்பையிலும் மெல்லிய கீழ்ப்பகுதியில்தான் வெட்டு. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் பிள்ளை வெளியே வந்துவிடும். மீதி நேரமெல்லாம் தையலுக்கு.

அன்றைக்கே எழுந்து நடக்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். படுத்தே கிடப்பதுதான் ஆபத்து. பிரசவ ரத்தப்போக்கைச் சமாளிக்கவே கர்ப்பிணியின் ரத்தம் எளிதில் உறையும் தன்மைக்கு மாறியிருக்கிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலின் ரத்தம் தேங்காமல் மேலேறும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்தால் தையலில் இழுப்பு குறையும். வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல், சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். பாராசிட்டமால் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானதுதான்.

தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்கும் என்பதில் உண்மையில்லை. பால் சுரக்கவும், மலச்சிக்கல் வராமல் இருக்கவும் தண்ணீர் வேண்டும். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்துவது அதைவிட மோசம். தோல் ஒட்டுவதற்குப் புரதம் தேவைப்படுகிற நேரமே அதுதான்.

பல வருடம் கழித்தும் "முதுகுல ஊசி போட்டாங்க, அதான் இந்த வலி" என்று சொல்லக் கேட்கிறோம். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். நீடிக்கும் வலிக்குக் காரணம், கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு இணைப்புகளும், வலுவிழந்த வயிற்றுத் தசையும், குனிந்தபடியே பால் கொடுப்பதும். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி மட்டும் ஊசியால் வரக்கூடியது. துளை வழியே திரவம் கசிவதால் வருவது அது. சிகிச்சை உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்தில் பேடு முழுதும் நனைவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். கருப்பையைக் குறுக்காக வெட்டினார்களா, நெடுக்காக வெட்டினார்களா என்பது அதில்தான் இருக்கும். வயிற்றுத் தழும்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த பிரசவத்தில் சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பதை முடிவுசெய்ய டாக்டர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.