ஃப்ளாப்பர்: ரெக்கை முளைத்தவள்

ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த காலத்து நியூயார்க்கைப் பற்றி எதைப் படித்தாலும் ‘ஃப்ளாப்பர்’ வந்துவிடுவாள். கூந்தலைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்க சிகரெட் பிடித்து, மதுவிலக்குக் காலத்திலேயே திருட்டு மதுக்கூடங்களில் ஆடிய 1920களின் இளம்பெண்.

சொல் பிறந்தது இங்கிலாந்தில். ‘ஃப்ளாப்’ என்றால் படபடவென்று அடித்துக்கொள்வது. சரியாகப் பறக்கப் பழகாத காட்டு வாத்துக் குஞ்சைத்தான் 18ஆம் நூற்றாண்டில் ஃப்ளாப்பர் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பதின்வயதுப் பெண்ணுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கொக்கி மாட்டாத மழைக் காலணி படபடத்ததால் வந்த பெயர் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் காலணி மோகத்துக்கு முன்பே சொல் புழங்கியது, ஆகவே கதையை விட்டுவிடலாம். பிரிட்டனில் 1928இல் பெண்களின் வாக்குரிமை வயது 30இலிருந்து 21ஆகக் குறைந்தபோது, பிடிக்காதவர்கள் அதை ‘ஃப்ளாப்பர் வோட்டு’ என்று நக்கலடித்தார்கள்.

இந்தப் பெண்ணை உள்ளிருந்து பார்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் டாரதி பார்க்கர். 1922இல் எழுதிய ஒரு குறும்புப் பாட்டில், ‘நீர்மூழ்கிக் கப்பலைவிட அதிகக் கெடுதல் இவளிடம் இல்லை’ என்று சான்றிதழ் கொடுக்கிறார். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் கப்பலாகக் கவிழ்த்த போர் முடிந்து நாலே வருஷம்! கதைகளில் சிரிப்பு கசக்கிறது. 1944இல் வந்த அவருடைய தொகுப்பில் ‘ஒரு தொலைபேசி அழைப்பு’ என்ற கதை இருக்கிறது. காதலன் கூப்பிடுவான் என்று காத்திருப்பவள் கடவுளிடம் கெஞ்சுகிறாள், ஐந்து ஐந்தாக ஐநூறு வரை எண்ணத் தொடங்குகிறாள். புதுயுகப் பெண்ணுக்கு எவ்வளவு சுதந்திரம் கிடைத்தது என்பதை எந்த அகராதியையும்விட இந்தக் கதை துல்லியமாகச் சொல்கிறது.

சரி, ஃப்ளாப்பரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘நவநாகரிக யுவதி’ என்றால் உடை தெரியும், ஏளனம் தெரியாது. ‘அடங்காப்பிடாரி’ ரொம்பக் கடுமை. பறவைக் குஞ்சையும் ‘பிள்ளை’ எனலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல்; அழகுதான், இன்று யாருக்கும் புரியாது. ‘அவளுக்கு ரெக்கை முளைச்சிடுச்சு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதில் பறவையும் இருக்கிறது, பொருமலும் இருக்கிறது. அதனால் உரையாடலில் ‘ரெக்கை முளைத்தவள்’ என்பதே என் தேர்வு. கட்டுரையில் ஃப்ளாப்பர் என்றே எழுதி முதல் தடவை விளக்கினால் போதும். ‘ஃப்ளாப்பர் வோட்டு’க்கு மட்டும் ‘சின்னப்பெண் வோட்டு’ பொருந்தும்.