குழாயில் சுற்றும் தண்ணீர் எங்கே போகிறது?

ஏஐ மின்சாரத்தைத் தின்கிறது, சரி, தண்ணீர் எப்படிச் செலவாகும், குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற அதே தண்ணீர்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி பதிலை அவரே சொல்லிவிட்டார். ஏஐ ஓடுகிற பெரிய கணினிகளான சர்வர்களை ஒட்டி ஓடுகிற தண்ணீர் பெரும்பாலும் சுற்றித்தான் வருகிறது. அது வாங்கி வந்த சூட்டை எங்கே கொட்டுவது என்பதில்தான் செலவு.

சர்வருக்குள் கணக்குப் போடுகிற சிப்புக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிவிடும். சர்வர்களை அடுக்கி வைத்திருக்கிற கட்டிடம்தான் டேட்டா சென்டர். பல டேட்டா சென்டர்களில் அந்த வெப்பம் கடைசியில் கூலிங் டவருக்குப் போகிறது. அங்கே தண்ணீர் மழை மாதிரி கொட்டும், பெரிய மின்விசிறி காற்றை இழுக்கும், கொஞ்சம் ஆவியாகிப் போக மீதி குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடாக்க 42 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு போகிறது, ஐம்பது மடங்குக்கும் மேல்! தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை. அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு ஒன்று காற்றில் பறக்க அவ்வளவு ஆற்றல் வேண்டும், அதைக் கூட இருந்த தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறது. ஏஐ வேலைக்கான என்விடியா நிறுவனத்தின் எச்100 சிப் முழு வேகத்தில் 700 வாட் வரை இழுக்கும். அந்தச் சூடு முழுவதையும் ஆவியாக்கியே வெளியேற்றினால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சிப்புக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

அப்புறம் உப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கும். வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அது இங்கேயும் படியும். அதனால் அவ்வப்போது பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுசு நிரப்ப வேண்டும். உப்பு குறைந்த தண்ணீர் என்றால் இந்த வீணும் குறையும் என்பதால் பல இடங்களில் ஊர்க் குடிநீரையே எடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் தி டால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 2021இல் அங்கே கூகுளின் டேட்டா சென்டர் எடுத்தது சுமார் 134 கோடி லிட்டர், ஊர் முழுவதற்கும் செலவான தண்ணீரில் கால் பங்குக்கும் மேல். சாட்ஜிபிடி வருவதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கு இது. இந்த எண்ணை தி ஒரிகோனியன் செய்தித்தாள் கேட்டபோது, வியாபார ரகசியம் என்று சொல்லி நகராட்சியே நீதிமன்றம் போனதுதான் என் மனசைச் சுட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்து, 2022 டிசம்பரில்தான் விவரம் வெளியே வந்தது.

தண்ணீரை ஆவியாக்காமலே குளிர்விக்க முடியாதா? முடியும், பெரிய ஏசி மாதிரி கம்ப்ரசர் வைத்து. ஆனால் மின்சாரம் கூடும்; அது அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், அங்கேயும் ஒரு டவரில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கலாம். ஆக இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. எந்த முறையில் குளிர்விக்கிறீர்கள், மாதம் எத்தனை லிட்டர், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்ற மூன்றையும், அனுமதி கொடுக்கும்போதே பொதுவில் வெளியிடச் சொல்ல வேண்டும்.